ஓடைக்கரைக் கூட்டுக் குடும்பம்

பலகையில் தவறு எதுவும் இல்லை. அதுதான் சிக்கலாகப் போயிற்று.

பறவை ஆய்வு நிலையத்தின் புதிய பார்வையாளர் கூடத்தில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில், ஆளுயரத்துக்கு ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் ‘கூட்டு ஒட்டுண்ணிகள்’ என்று இருந்தது. கீழே ஒரு படம். கட்டைவிரல் பருமனில் ஒரு மஞ்சள் சிட்டு, தன்னைவிடப் பல மடங்கு பெருத்த ஒரு குஞ்சின் தோள்மேல் ஏறி நின்று, அதன் வாய்க்குள் தலையை விட்டுப் புழுவை ஊட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே விளக்கம்: இந்தக் காட்டுக் குயில் தனக்கென்று கூடு கட்டுவதில்லை, சிட்டு வெளியே போன சமயம் பார்த்து அதன் கூட்டில் ஒரு முட்டையை இட்டுவிட்டுப் பறந்துவிடும், சிட்டு அதைத் தன் முட்டை என்று நம்பி அடைகாக்கும், பொரிந்து வரும் குயில் குஞ்சு மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் வெளியே தள்ளிவிட்டு ஒற்றைப் பிள்ளையாக வளரும். எல்லாம் சரி. எழுத்துப்பிழைகூடக் கிடையாது.

இயக்குநர் பலகைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். படித்தார். மறுபடியும் படித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“யாரும்மா இந்தத் தலைப்பு வெச்சது?”

“நான்தான் சார்.”

சொன்னவரை நிலையத்தில் எல்லோரும் ‘கண்ணாடி டாக்டர்’ என்பார்கள். மூக்குக்கண்ணாடி அணிந்தவர் அல்ல. உயரத்தில் இருக்கிற கூட்டைக் கலைக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, நீளக் குச்சியின் நுனியில் ஒரு வட்டக் கண்ணாடியைக் கட்டி எப்போதும் தோளில் சாய்த்துக்கொண்டு திரிபவர். குயில், சிட்டு விவகாரத்தில்தான் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வின் தலைப்பை ஒரே மூச்சில் சொல்ல அவருக்கே வராது.

“கூட்டுன்னா என்ன அர்த்தம்?”

“கூடு சார். கூட்டுல ஒட்டிக்கிட்டுப் பொழைக்கிறது. கூட்டு ஒட்டுண்ணி.”

“அது உங்களுக்கு. படிக்கிறவனுக்கு? கூட்டுக் களவாணி, கூட்டுச் சதி, கூட்டு வியாபாரம்… கூட்டுன்னா சேர்ந்து. எல்லாரும் ஒண்ணா சேர்ந்து ஒட்டிக்கிட்டு உக்காந்து திங்கறாங்கன்னு ஆகுது. திறந்து வைக்க வர்றது யாருன்னு யோசிச்சீங்களா?”

கண்ணாடி டாக்டர் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தார். அவருக்கும் வியர்த்தது.

திறந்து வைக்க வருகிறவர் நிலையத்தின் தலைவர். இந்த இடத்தில் அவர் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நிலையத்தைத் தொடங்கியவர் ஒரு மர வியாபாரி. மலையில் வெட்டக்கூடியதையெல்லாம் வெட்டி முடித்தபின், லாரி ஏற முடியாத சரிவில் மிஞ்சியதைக் காடு என்று அறிவித்து, அதைக் காப்பாற்றியவர் என்று பெயரும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஒரே பெண். தலைவர் அந்தப் பெண்ணைக் கட்டியவர். வீடு, தோட்டம், காடு, தலைவர் பதவி எல்லாம் பெண்ணோடு சேர்ந்து வந்தவை. எதிரில் எல்லோரும் ‘தலைவர் ஐயா’ என்பார்கள். அவர் முதுகு திரும்பியதும், அவருக்கு மூத்தவர், இளையவர், வாசலில் நிற்கிற காவலாளி உட்பட எல்லோருக்கும் அவர் ‘மாப்பிள்ளை’.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி. ஊரில் என்னவோ தொழில் நொடித்துப்போய், மனைவி மக்களோடு ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று பெரிய வீட்டுக்கு வந்தார். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. தலைவரின் மகளுடைய அறையைத் தற்காலிகமாக அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். மகள் தற்காலிகமாகக் கல்லூரி விடுதிக்குப் போனாள். அதே ஊரில் வீடு இருக்க விடுதியில் ஏன் இருக்கிறாள் என்று யாராவது கேட்டால், “படிப்புக்கு அதுதான் நல்லது” என்பார் தலைவர்.

தம்பி சும்மா இருப்பவர் அல்ல. அடுத்த தொழில் ஒன்றை யோசித்து வைத்திருந்தார். நிலையத்தின் ஓடைக்கரைப் புதரை வெட்டிச் சமன்செய்து, தங்கும் விடுதி கட்டுவது. ஜன்னலைத் திறந்தால் ஓடை, கதவைத் திறந்தால் பறவை. “பறவை எங்கேருந்து வரும்? அதுங்க இருக்கறதே அந்தப் புதர்லதானே” என்று கண்ணாடி டாக்டர் ஒருமுறை கேட்டதற்கு, “அதெல்லாம் வரும்மா, சாப்பாடு போட்டா வராம எங்க போகும்” என்றார். தன் அனுபவத்திலிருந்து சொல்லியிருக்கலாம்.

மஞ்சள் சிட்டு இந்தச் சரிவில் கூடு கட்டுவது அந்த ஒரு புதரில்தான். புதர் போனால் சிட்டு போகும், சிட்டு போனால் குயில் போகும், குயில் போனால் கண்ணாடி டாக்டரும் குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வேறு மலை பார்க்க வேண்டியதுதான். தலைவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. “திறப்பு விழா அன்னைக்கு நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்” என்றிருந்தார். அவர் மனம் குளிர்ந்தால் புதர் பிழைக்கும். குளிர வேண்டிய மனிதரை வாசலிலேயே ‘கூட்டு ஒட்டுண்ணிகள்’ என்று வரவேற்கக் காத்திருந்தது பலகை.

“வேற பேர் சொல்லுங்க,” என்றார் இயக்குநர். “மரியாதையா.”

“அடைகாப்பு ஒட்டுண்ணி?”

“ஒட்டுண்ணியை விடுங்கம்மா. விருந்தாளிக் குஞ்சுகள்னு போடலாமா?”

“விருந்தாளி வீட்டுக்காரங்க பிள்ளையைக் கொல்லாது சார்.”

“வளர்ப்புச் செல்வங்கள்?”

“வளர்க்கறவங்களுக்கே தெரியாதே சார், இது வேறவங்க செல்வம்னு.”

இயக்குநர் கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். மதில்மேல் பூனையாகவே பல சிக்கல்களைக் கடந்து வந்தவர். எந்தப் பக்கம் குதிக்க வேண்டும் என்பது கடைசி நொடியில் அவருக்குத் தெரிந்துவிடும். இப்போதும் தெரிந்தது.

“முதல் வார்த்தை இருக்கட்டும். ரெண்டாவதை மட்டும் மாத்துவோம். கூட்டுக் குடும்பம்.”

“சார்?”

“கூட்டுல இருக்கற குடும்பம். தப்பா? இலக்கணப்படி சொல்லுங்க.”

இலக்கணப்படி தப்பில்லை. கண்ணாடி டாக்டர் வாயைத் திறந்தார், ஓடைக்கரை ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டார்.

பலகையைப் புதிதாகச் செய்ய நேரமில்லை. ‘குடும்பங்கள்’ என்று அதே எழுத்தில் ஸ்டிக்கர் அடித்து மேலே ஒட்டிவிடலாம் என்று முடிவானது. அச்சகத்துக்கு ஆள் கிளம்பிய பிறகு இயக்குநர் பின்னாலேயே ஓடினார். “நடுவுல ‘க்’ வரணும். மறந்துடாதே. கூட்டுக் குடும்பம். ஒற்று இல்லேன்னா தலைவர் தாங்க மாட்டார். தமிழ்ல ரொம்பக் கண்டிப்பு.”

ஸ்டிக்கர் வந்தது. ‘க்’குக்கு இடம் போதாமல் அது மட்டும் முன்வரிசையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த ஆளைப்போல் ஒடுங்கி நின்றது. கீழே இருந்த விளக்கத்தில் ‘வெளியே தள்ளிவிட்டு’ என்ற வரியை மறைக்க, இலை அடர்ந்த ஒரு பூந்தொட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். அந்தக் காட்டின் ஈரத்தில் உப்பு கரையும், தீக்குச்சி பற்றாது, தபால் உறை தானாகத் திறந்துகொள்ளும். ஸ்டிக்கர் என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஒட்டுண்ணியின் மேல் ஒட்டியது ஒட்டுமா என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

*

கண்ணாடி டாக்டரின் கணவர் நிலையத்தில் கேமரா, பேட்டரி, ஒயர் வகையறாவைப் பார்த்துக்கொள்கிறவர். மனைவி எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வதில்லை. அது திரையில் தெரிய வேண்டும் என்பதோடு அவர் பொறுப்பு முடிந்தது. விழாவுக்கு முதல் நாள் மாலை இருவரும் ஓடைக்கரையில் இருந்தார்கள். கூடத்துத் தொலைக்காட்சியில் கூட்டை நேரலையாகக் காட்ட வேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு. ஏற்கெனவே எடுத்து வைத்த படத்தைப் போடலாமே என்றதற்கு, “நேரலைன்னு அழைப்பிதழ்லயே போட்டாச்சு” என்றுவிட்டார்.

கண்ணாடி டாக்டர் குச்சியை உயர்த்திக் கூட்டுக்கு மேலே பிடித்தார். கண்ணாடியில் சிட்டின் முட்டை ஒன்று, சிட்டுக் குஞ்சு ஒன்று, பக்கத்தில் இறகு முளைக்காத, கண் திறக்காத, முதுகில் குழி விழுந்த இன்னொன்று.

“குயில் பொரிஞ்சிடுச்சு,” என்றார்.

“நல்லதுதானே.”

“நல்லதா? நாளைக்குத் தள்ள ஆரம்பிச்சிடும்.”

“நாளைக்கே தள்ளுமா, நாளன்னைக்கா?”

“அதுகிட்டத் தேதி கேட்டா வெச்சிருக்கேன்?”

“டைரக்டர்கிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னேன். விழா முடியற வரைக்கும் தள்ளாம பாத்துக்கங்கன்னார்.”

கணவர் ஒயரை வாயில் கடித்துக்கொண்டே சிரித்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

“என்ன டாக்டரம்மா, தலைப்பு இன்னும் உறுத்துதா?”

“குடும்பம்னு எழுதி வெச்சிருக்காங்க. என் பலகையில.”

“எழுதினா எழுதட்டும். எங்க அம்மா உன்னை மகள்னுதான் சொல்றாங்க. நீ என்ன கேஸா போட்டே?”

“அது வேற.”

“எது வேற? எடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்கற கதைதானே இந்தக் குயிலு. அதை நீ இத்தனை வருஷமா படிக்கிறே. மாப்பிள்ளைக்கு அதை வேற பேர்ல சொன்னா புதர் மிஞ்சும்னா சொல்லிட்டுப் போ.”

“கேட்டா என்ன சொல்றது?”

“யாரும் கேக்க மாட்டாங்க. விழாவுக்கு வர்றவங்க என்னைக்குக் கேட்டிருக்காங்க, சொல்லத்தான் வருவாங்க.”

தாய்ச் சிட்டு வாயில் பச்சைப் புழுவோடு வந்து, இவர்கள் போகட்டும் என்று எதிர்க் கிளையில் காத்திருந்தது. இருவரும் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

*

தலைவர் ரிப்பனை வெட்டினார். அவர் பின்னால் மனைவி, அவருக்குப் பின்னால் தம்பி. நிலையத்தில் மனைவியை ‘அம்மா’ என்பார்கள். அப்பாவின் பெயரில் இருந்ததெல்லாம் அவர் பெயரில்தான் இருந்தது. ஆனால் மேடைக்கு வருவதில்லை, பேசுவதில்லை; கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். அவர் ஓரமாகவே நின்று நின்று, அதுதான் அவர் இடம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

தலைவர் பலகையைப் பார்த்தார். இயக்குநர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“ஒற்று சரியா இருக்கு,” என்றார் தலைவர்.

இயக்குநர் மூச்சை விட்டார்.

தலைவர் படத்தைப் பார்த்து உருகினார். “அம்மா எப்படி இளைச்சிருக்கா, பிள்ளை எப்படிக் கொழுத்திருக்கான் பாருங்க. இதுக்குப் பேர்தான் தாய்மை.” தம்பி, “ஆமாண்ணே,” என்றார். பூந்தொட்டி தன் வேலையைச் சரியாகச் செய்தது.

பிறகு தொலைக்காட்சியைப் போட்டார்கள். கூடு திரை நிறையத் தெரிந்தது. தலைவர் அதன் பக்கத்தில் ஒலிபெருக்கியோடு நின்று, எழுதி வராமலே பேசினார்.

“நண்பர்களே, மனிதன் மறந்துவிட்ட கூட்டுக் குடும்ப வாழ்வை இந்தச் சின்னஞ்சிறு பறவைகள் மறக்கவில்லை. தன் பிள்ளை என்றும் பிறர் பிள்ளை என்றும் பேதம் பாராட்டாமல் ஒரே கூட்டில் வளர்க்கும் பண்பை இங்கே நேரிலே காண்கிறோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்தச் சிட்டுக்கோ எல்லாக் குஞ்சும் பொன் குஞ்சு. என் இல்லத்திலும் அப்படித்தான்.”

கைத்தட்டல். தம்பி கொஞ்சம் கூடுதலாகத் தட்டினார்.

திரையில் கண் திறக்காத அந்தப் பெரிய குஞ்சு அசைந்தது. தலையைத் தாழ்த்தி, கால்களை அகட்டி, முட்டுச்சந்தில் வண்டியைத் திருப்புகிறவனைப்போலப் பின்னோக்கி நகர்ந்தது. முட்டை உருண்டு அதன் முதுகுக் குழியில் வந்து உட்கார்ந்தது. குஞ்சு கூட்டின் சுவரில் முதுகு காட்டி ஏறியது. விளிம்பில் நின்று ஒரு உதறு உதறியது. முட்டையைக் காணோம்.

“என்ன ஆச்சு?” என்றார் யாரோ.

“விளையாடுது,” என்றார் இயக்குநர்.

பெரிய குஞ்சு சற்று இளைப்பாறியது. மறுபடி தலையைத் தாழ்த்தியது. இந்த முறை சிட்டுக் குஞ்சு முதுகில் ஏறியது.

“அண்ணே, பாருங்கண்ணே,” என்றார் தம்பி. “சின்னதை உப்புமூட்டை தூக்குது.”

தலைவர் ஒலிபெருக்கியைத் திரும்ப எடுத்தார். “சகோதர பாசம். இளையதைச் சுமக்கும் மூத்தது. இதைவிட…”

மூத்தது இளையதைச் சுமந்து விளிம்புக்கு வந்து, அப்பால் விட்டது. அது நேராக விழவில்லை. கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாரில் சிக்கி, விளிம்புக்கு ஒரு விரற்கடை தள்ளித் தொங்கியது. வாயைத் திறந்து மூடியது. அந்தத் தொலைக்காட்சியில் சத்தம் வராது.

“அய்யோ, விழுந்துடுச்சே,” என்றார் தலைவரின் மனைவி. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

இயக்குநர், “காத்து அடிச்சிருக்கும்மா,” என்றார்.

கண்ணாடி டாக்டர் இயக்குநரைப் பார்த்தார். ஜன்னல் வழியாக ஓடைக்கரைப் பக்கம் பார்த்தார். கணவர் சொன்னது எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னது மட்டும் பொய்யாகிவிட்டது.

“விழலைம்மா,” என்றார். “அது தள்ளிச்சு.”

“எது?”

“பெருசு. அது சிட்டோட குஞ்சு இல்லம்மா. குயில் குஞ்சு.”

“குயில் இங்க எப்படி வந்துச்சு?”

“அதோட அம்மா முட்டையை விட்டுட்டுப் போயிடுச்சு.”

“எவ்வளவு நாளைக்கு இருக்கும்?”

கண்ணாடி டாக்டருக்கு இந்தக் கேள்வி புதிது. இதுவரை யாரும் அதை இந்தக் குரலில் கேட்டதில்லை. “இறகு முளைச்சுப் பறக்கற வரைக்கும்மா. சிலது பறந்த பிறகும் போகாது. பக்கத்துக் கிளையில உக்காந்துக்கிட்டு வாயைத் திறக்கும். இதுங்க தேடித் தேடிக் கொண்டு போய்க் குடுக்கும்.”

“வீட்டுக்காரிக்குத் தெரியவே தெரியாதா?”

“முட்டையா இருக்கறப்பவே சிலது கண்டுபிடிச்சுத் தூக்கி எறிஞ்சிடும். பொரிஞ்சு வாயைத் திறந்துட்டா முடியாதும்மா. குடுத்துத்தான் ஆகும்.”

“ஆமாம்,” என்றார் அவர். “கேக்கறப்ப இல்லைன்னு சொல்றது கஷ்டம்தான்.”

தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் ஒலிபெருக்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

திரையில் தாய்ச் சிட்டு வந்தது. வாயில் புழு. விளிம்பில், தொங்குகிற குஞ்சுக்குப் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தது. குஞ்சு அதைப் பார்த்து வாயைத் திறந்தது. சிட்டு அதைத் தாண்டி உள்ளே குனிந்து, குயிலின் வாயில் புழுவை வைத்தது. பிறகு அதன் மேலேயே உட்கார்ந்து இறகை விரித்து மூடிக்கொண்டது.

“அது பக்கத்துலதானே இருக்கு. அம்மா கண்ணுல படலையா?”

“படும்மா. ஆனா கூட்டுக்குள்ள இருக்கறதுதான் அதுக்குப் பிள்ளை. வெளியில இருந்தா ஒண்ணுமில்ல.”

தலைவரின் மனைவி கைப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“யாராவது அதை எடுத்து உள்ள வைக்கக் கூடாதா?”

“வைக்கலாம்மா. மறுபடியும் தள்ளும்.”

“அப்போ எதை எடுக்கணும்?”

“நாங்க எதையும் எடுக்கறதில்லம்மா. பாக்கறதோட சரி.”

“நல்ல வேலை,” என்றார் அவர். “நானும் அதைத்தான் பண்ணிட்டிருக்கேன், சம்பளம் இல்லாம.”

பிறகு திரையிலிருந்து திரும்பினார். எதிரே பலகை. அங்கேதான் ஈரம் தன் வேலையைக் காட்டியிருந்தது. ‘குடும்பங்கள்’ என்ற ஸ்டிக்கரின் வலது ஓரம், வாழைச் சருகுபோலச் சுருண்டு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. சுருண்ட ஓரத்தைப் பார்த்தால் நகத்தால் நிமிண்டாமல் இருக்க முடியாதவர்கள் உலகத்தில் உண்டு. அவர் அந்த வகை. நிமிண்டினார். மறுப்புச் சொல்லாமல் ஸ்டிக்கர் முழுசாக வந்தது. ‘க்’கும் கூடவே வந்தது.

பூந்தொட்டியின் இலைகளைக் கையால் ஒதுக்கி, கீழே இருந்த விளக்கத்தையும் அவசரமில்லாமல் படித்தார்.

“கூட்டு ஒட்டுண்ணிகள்,” என்று கடைசியில் தலைப்பை வாய்விட்டு வாசித்தார்.

“அம்மா, அது வந்து… கூடுங்கற சொல் வேற சொல்லோட சேர்றப்ப, கூட்டுன்னு… இலக்கணப்படி…” என்றார் இயக்குநர்.

“எனக்கு நல்லாப் புரியுது டைரக்டர். நீங்க சிரமப்படாதீங்க.”

ஸ்டிக்கரைக் கீழே போட்டுவிட்டுக் கணவரிடம் திரும்பினார். “என்னங்க, ஓடைக்கரையில தம்பி என்னமோ கட்டணும்னு சொன்னாரே.”

“ஆமா… அதை நேர்ல பாத்துட்டுச் சொல்லலாம்னு…”

“பாத்தாச்சு. வேண்டாம்.”

“அண்ணி,” என்றார் தம்பி, “பிளான் எல்லாம் போட்டு…”

“பிளானைப் பத்திரமா வெச்சுக்குங்க. வேற எங்கயாவது எடம் பாத்தா உதவும். அப்புறம், பாப்பா இந்த லீவுக்கு வீட்டுக்கு வர்றா. அவ ரூம் அவளுக்கு வேணும்.”

“லீவு முடிஞ்சு திரும்பப் போயிடுவாள்ல?” என்றார் தலைவர். கேட்டபிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று அவருக்கே தோன்றியது முகத்தில் தெரிந்தது.

“போக மாட்டா,” என்றார் மனைவி. “படிப்புக்கு வீடுதான் நல்லது.”

பலகையைக் கழற்றி வண்டியில் வைக்கச் சொன்னார். நிலையத்துக்கு வேறு எழுதிக்கொள்ளட்டும் என்றார். கண்ணாடி டாக்டரின் கணவர்தான் ஏணி போட்டுக் கழற்றினார். மனைவியைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். எல்லோரும் வண்டிக்குப் போனபோது, பலகையில் ஒட்டாத ஸ்டிக்கர் தம்பியின் வலது செருப்பில் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. படியிறங்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் ‘குடும்பங்கள்’ ஒருமுறை தெரிந்து மறைந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நாரில் தொங்கிய குஞ்சு சாயங்காலத்துக்குள் செத்துப்போயிற்று. கண்ணாடி டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். வழக்கமாக அதோடு வீட்டுக்குப் போய்விடுவார். அன்றைக்குப் போக மனமில்லாமல் கொஞ்ச நேரம் ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தார்.

*

பெரிய வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச் சுவரில், முன்பு ஒரு அருவிப் படம் இருந்த இடத்தில், அந்தப் பலகை மாட்டப்பட்டது. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தெரியும். தலைவரின் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சாதம் பரிமாறும்போது, “இன்னும் கொஞ்சம் வெச்சுக்கங்க” என்று மட்டும் வழக்கத்தைவிட அன்பாகச் சொல்வாராம். தம்பி சில வேளைகள் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பார்த்தார். அப்போது அவர் மனைவியின் கண்ணுக்குப் பலகை நேராகத் தெரிந்தது. லீவு தொடங்குவதற்குள் டவுனில் வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டது. இத்தனை நாள் கிடைக்காத வீடு.

நிலையத்துக்குப் புதுப் பலகை வந்தது. தலைப்பை இயக்குநரே எழுதினார்: ‘அடைகாப்புச் சார்பு ஊடுறவுகள்’. யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஆகையால் யாருக்கும் மனம் புண்படவில்லை. அதற்கப்புறம் வந்த ஒரு பள்ளி விழாவில் தலைவர் பேசினார்: “பறவைகளைப் பாருங்கள். இறகு முளைத்ததும் எவ்வளவு கம்பீரமாகத் தனியே பறந்துபோகின்றன. எலி வளையானாலும் தனி வளை என்றார்கள் நம் முன்னோர்.” கைத்தட்டல் பலமாகத்தான் இருந்தது. மனைவி வழக்கம்போல ஓரமாக நின்றார். இந்த முறை பக்கத்தில் மகளும் நின்றாள்.

ஓடைக்கரைப் புதர் அப்படியே இருக்கிறது. குயில் குஞ்சு கூடு கொள்ளாமல் வளர்ந்து, கூட்டையே மிதித்துச் சாய்த்துவிட்டு, பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு சிட்டுகளும் இளைத்துக் குச்சியாகி, அதற்குப் புழு சுமந்துகொண்டிருந்தன.

“புதரைக் காப்பாத்தினது அதுதான், தெரியும்ல,” என்றார் கணவர். “தள்ளாம இருந்திருந்தா இங்க இந்நேரம் செங்கல் எறக்கியிருப்பாங்க.”

“தெரியும்,” என்றார் கண்ணாடி டாக்டர். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

இறகு எந்த அளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கக் குச்சியை உயர்த்தினார். கண்ணாடி கிளைக்கு நேராக வந்ததும், குஞ்சு அதைப் பார்த்து வாயை அகலத் திறந்தது. தொண்டை வரைக்கும் சிவப்பு. உடம்பெல்லாம் நடுங்க, விடாமல் கத்தியது. இந்த வாயைப் பற்றித்தான் அவர் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தச் சிவப்பு ஏன், அந்த நடுக்கம் எதற்கு, சிட்டு ஏன் ஏமாறுகிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அவருடைய இன்னொரு கை சட்டைப் பையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தது. உள்ளே பாதி பிஸ்கட் இருந்தது.

“டாக்டரம்மா,” என்றார் கணவர், “கையை வெளியில எடு.”